ஆற்றுப் பத்தி

எங்கள் கல்லூரியில் ஒரு பாடத்துக்குக் கல்விசார் எழுத்தும் விமர்சன வாசிப்பும் என்று பெயர். வேலை பார்த்துக்கொண்டே டிப்ளோமா படிக்க வருகிறவர்கள் எல்லோரும் அதில் தேறியாக வேண்டும். கல்லூரி என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கிள்ளானில் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு மாடி, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு வகுப்பு தொடங்கும், நாற்பது பேர் வருவார்கள். ஆறு வருடம் அந்தப் பாடத்தை நடத்தினேன். நடத்தினேன் என்பதைவிடக் கத்தினேன் என்பதுதான் சரி.

கத்தாமல் என்ன செய்வது? ஆங்கிலக் கட்டுரைக் கட்டைப் பிரித்தால் முதல் தாளில் 'இந்த உலகமயமாக்கல் யுகத்தில்' என்று இருக்கும். இரண்டாவது தாளிலும் அதே யுகம். கடைசிப் பத்தியில் எல்லோரும் கைகோர்த்துக்கொள்வார்கள். ஒருவர் சாக்கடை அடைப்பைப் பற்றி எழுதியிருப்பார், இன்னொருவர் நீரிழிவைப் பற்றி, மற்றொருவர் துறைமுகச் சாலையில் லோரிகள் நிற்பதைப் பற்றி. முடிவில் மட்டும் சமுதாயத்தின் அனைத்துத் தரப்பினரும் கைகோர்த்து நிற்பார்கள். ஓரத்தில் சிவப்பு மையால் 'யாருடைய கை?' என்று எழுதி அனுப்பினேன். 'நம் கை, டீச்சர்' என்று பதில் எழுதி ஒருவர் திருப்பிக் கொடுத்தார். அன்று எனக்குத் தலைவலி மாத்திரை தேவைப்பட்டது.

இதற்கெல்லாம் காரணம் டியூஷன் சென்டர்கள்தான் என்று ஆசிரியர் அறையில் சொல்லிக்கொண்டிருப்பேன். பிள்ளைகளின் தலையில் மாதிரிக் கட்டுரையை ஊற்றி மூடிவிட்டார்கள், பாவிகள், இவர்களைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்பேன். நானும் ஒரு காலத்தில் டியூஷன் எடுத்தவள்தான். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒவ்வொரு வகுப்பிலும் பலகையின் மேல் மூலையில் மூன்று கேள்விகளை எழுதி வைப்பேன். இதை யார் எழுதியது? யாருக்காக எழுதியது? எதைச் சொல்லாமல் விட்டது? எதைப் படித்தாலும், மருந்துப் பெட்டிக்குள் இருக்கிற துண்டுத்தாளாக இருந்தாலும், இந்த மூன்றையும் கேட்காமல் கீழே வைக்காதீர்கள் என்று தொண்டை வறளச் சொல்வேன். நாற்பது பேரும் அதை அழகாக நோட்டில் எழுதிக்கொள்வார்கள், அதோடு சரி.

அந்த நாற்பது பேரில் ஒருத்தி இரண்டாவது வரிசையில், ஜன்னலோரம் உட்காருவாள். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வீடு கிள்ளானை அடுத்த மேருவில். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் கன்டெய்னர் தாள்களைச் சரிபார்க்கிற வேலை. கன்டெய்னர் பூட்டின் முத்திரை எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் லோரியைத் திருப்பி அனுப்பிவிடுவாள். டிரைவர்கள் அவளை வாயில் வந்தபடி திட்டுவார்களாம். முதல் வாரம் எல்லோரும் தங்களைப் பற்றிச் சொன்னபோது அவளே சிரித்துக்கொண்டு சொன்னது இது. கிடங்கில் சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியாகப் போகிறது, வருட முடிவுக்குள் டிப்ளோமா கையில் இருந்தால் அது அவளுக்கு என்று முதலாளி சொல்லியிருந்தார். மற்ற பாடங்களையெல்லாம் முடித்துவிட்டாள். என் பாடம் ஒன்றுதான் பாக்கி.

அவள் படிக்கிற விதமே வேறு. ஒருமுறை குடிநீர் வெட்டைப் பற்றிய ஒரு கட்டுரையைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். மற்றவர்கள் முதல் பத்தியைத் தாண்டுவதற்குள் அவள் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், மேல பதினாலு வட்டாரம்னு போட்டிருக்கான். கீழ லிஸ்ட்ல பதிமூனுதான் இருக்கு. ஒன்ன விட்டுட்டான்."

அந்தப் பிரதியை நான் நான்கு வருடங்களாகக் கொடுத்து வந்திருக்கிறேன். எனக்கே அது தெரியாது. பாராட்டினேன், உள்ளுக்குள் கொஞ்சம் கடுப்பாகவும் இருந்தது. ஆனால் இப்படிப் படிக்கிறவள் எழுத உட்கார்ந்தால் ஆளே மாறிவிடுவாள். யுகம் வரும், கை கோர்க்கப்படும். இரண்டாவது கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தபோது எல்லோர் முன்னிலையிலும் பொரிந்து தள்ளினேன். கன்டெய்னர் தாளை இப்படித்தான் ஒப்பிப்பீர்களா, கண்ணால் பார்த்ததை எழுத உங்களுக்கு என்ன கேடு என்று கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வகுப்பு தொடங்கிய நாளிலிருந்தே எனக்கு எரிச்சலூட்டியது. நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருப்பதைப்போல இருந்தது.

இறுதிக் கட்டுரைகள் வந்தன. இப்போதெல்லாம் இறுதிக் கட்டுரை மட்டும் கணினியில்தான் வரும். திறந்தவுடன், வேறெங்கோ இருக்கிற வரிகளோடு ஒத்துப்போகிற இடங்களை மென்பொருள் சிவப்பாகக் காட்டும். அவளுடைய கட்டுரையைத் திறந்தேன். முதல் பத்தி முழுக்கச் சிவப்பு. வேறு கல்லூரிகளில் வேறு மாணவர்கள் கொடுத்த கட்டுரைகளில் அதே பத்தி வார்த்தை மாறாமல் இருப்பதாக மென்பொருள் சொன்னது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. முத்திரை எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் லோரியையே திருப்பி அனுப்புகிறவள், என்னிடம் திருட்டுச் சரக்கைக் கொடுத்திருக்கிறாள். அந்தச் சிரிப்பு வேறு நினைவுக்கு வந்தது. புகார்ப் படிவத்தைத் திறந்தேன். 'ஆசிரியர் கட்டுரையை முழுமையாக வாசித்தார்' என்று ஒரு கட்டம் இருந்தது. டிக் போடாவிட்டால் படிவம் போகாது. போட்டேன், அனுப்பினேன், அடுத்த கட்டுரையைத் திறந்தேன்.

விசாரணைக்கு நாள் குறித்து அவளுக்கும் எனக்கும் கடிதம் வந்தது. அதோடு கல்லூரியின் கல்வி நேர்மை விதிகள் பதினோரு பக்கம், என் புகார்ப் படிவத்தின் நகல் எல்லாம் இணைத்திருந்தார்கள். நான் நாளையும் நேரத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டேன்.

விசாரணை ஒரு வெள்ளிக்கிழமை காலை. நான் குடியிருப்பது பிரிக்பீல்ட்ஸ். கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அச்செடுத்து வைத்திருந்த அவளுடைய கட்டுரையைப் பையிலிருந்து எடுத்தேன். யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே. ரயில் சுபாங் ஜெயாவைத் தாண்டிக்கொண்டிருந்தது. முதல் முறையாக அந்தச் சிவப்புப் பத்தியை ஒரு வாசகியாகப் படித்தேன். ஆங்கிலத்தில் இருந்ததன் சாரம் இதுதான்: மலையில் பிறக்கும்போது ஆறு தன் அடியில் கிடக்கும் கூழாங்கற்களைக் காட்டுகிறது. நகரத்தைக் கடந்து கடலுக்கு வரும்போது தன் முகத்தைக்கூட அது காட்டுவதில்லை. நாமும் அப்படித்தான்.

அது நான் எழுதியது.

இருபது வருடங்களுக்கு முன்னால், பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேலே ஒரு மாடியறையில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதும் மாணவர்களுக்கு நான் ஆங்கிலக் கட்டுரை டியூஷன் எடுத்தேன். சனிக்கிழமைகளில் கிள்ளானிலிருந்தும் சுங்கை பூலோவிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வருவார்கள். ஒரே அறையில் அத்தனை பேரின் முகத்தையும் யார் பார்த்தது? எந்தத் தலைப்பு வந்தாலும் பொருந்துகிற மாதிரி ஒரு தொடக்கப் பத்தியை நானே எழுதினேன். அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. 'நாமும் அப்படித்தான்' என்பதற்குப் பிறகு சுற்றுச்சூழல் என்றால் ஒரு வாக்கியம், குடும்பம் என்றால் ஒரு வாக்கியம், தொழில்நுட்பம் என்றால் ஒரு வாக்கியம் மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆற்றுப் பத்தி என்று அதற்குப் பெயரே வைத்திருந்தோம். ஒவ்வொருவராக எழுப்பி ஒப்பிக்கச் சொல்வேன். ஒரு வார்த்தை தவறினால் வகுப்பு முடிகிறவரை நிற்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும் என்று மிரட்டியதும் நான்தான். அப்புறம் அந்தப் பத்தி கைக்குக் கை, சென்டருக்கு சென்டர் ஜெராக்ஸ் ஆகிப் பரவியிருக்கிறது. இத்தனை வருடம் யாரைப் பாவி என்று திட்டிக்கொண்டிருந்தேனோ, அந்தப் பாவி ரயிலில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தாள்.

கோபத்தை அவள் மேலேயே திருப்பப் பார்த்தேன். எழுதியது யாராக இருந்தாலும் காப்பி காப்பிதானே, என் வகுப்புக்கு வந்த பிறகாவது புத்தி வர வேண்டாமா என்று எனக்குள் வாதாடினேன். கிள்ளான் ஸ்டேஷன் வருவதற்குள் அந்த வாதம் தீர்ந்துபோயிற்று. படிக்காமலேயே டிக் போட்டவள் அடுத்தவளுக்குப் புத்தி சொல்லத் தகுதி இல்லாதவள்.

கல்லூரி மாடியில் விசாரணை அறைக்கு வெளியே அவள் உட்கார்ந்திருந்தாள். கிடங்குச் சீருடை, மடியில் ஹெல்மெட், அதன் மேல் அந்தப் பதினோரு பக்கம். ஓரங்களில் பென்சில் குறிப்புகள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நீ பிரிக்பீல்ட்ஸ் டியூஷனுக்கு வந்தவளா என்று கேட்டேன்.

"ஆமாலா டீச்சர். மொதல் நாளே உங்கள கண்டுபிடிச்சிட்டேன். நீங்க கண்டுபிடிப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"ஏம்மா சொல்லல?"

"சொல்லிட்டா மார்க் கேக்கற மாதிரி இருக்கும்ல. அதான் கடசி கட்டுரையில உங்க பத்தியவே போட்டேன். ஒரு வார்த்த மறக்கல டீச்சர். பாத்தா சந்தோசப்படுவீங்கன்னு நெனச்சேன்."

ஆசிரியர் சொன்னதை இருபது வருடம் கழித்து எழுத்து பிசகாமல் திருப்பிக் கொடுப்பதுதான் மரியாதை என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அவள் அந்த மரியாதையைச் செய்தாள். நான் அதற்குப் புகார் எழுதினேன்.

உள்ளே போனதும் எல்லாவற்றையும் நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"வேணாம் டீச்சர். நீங்க ஒன்னும் பேசாதீங்க. நான் பாத்துக்கறேன். இந்த ரூல்ஸ்ல ஒரு எடத்துல—"

கதவு திறந்தது, கூப்பிட்டார்கள். என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கவே இல்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் துறைத் தலைவர், பதிவாளர், இன்னொரு விரிவுரையாளர். விசாரணை ஆங்கிலத்தில் நடந்தது. அவள் சொன்னதை அவளுடைய தமிழிலேயே எழுதுகிறேன், அவள் குரல் எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது. துறைத் தலைவர் விதிகளை ஒருமுறை அவளையே வாசிக்கச் சொன்னார். அவள் நான்காவது விதியிலேயே நிறுத்தினாள்.

"சார், இங்க வேற ஒரு யுனிவர்சிட்டி பேரு இருக்கு. நம்ம காலேஜ் பேரு இல்ல."

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். உண்மைதான். எங்கிருந்தோ எடுத்த விதிகளில் எல்லா இடத்திலும் பெயரை மாற்றியவர்கள் அங்கே மட்டும் மறந்துவிட்டார்கள். கல்வி நேர்மை விதியின் லட்சணம் அது. துறைத் தலைவர் முகம் சுருங்கியது. அது டெம்ப்ளேட், நிர்வாகத்தில் எடுத்துப் போட்டது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்.

"இதுவும் டெம்ப்ளேட்தான் சார். எங்களுக்கு டியூஷன்ல குடுத்தது."

பதிவாளர் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார். அறையின் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. யார் கொடுத்தது என்று துறைத் தலைவர் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஞாபகம் இல்ல சார். ரொம்ப வருசம் ஆச்சு."

துறைத் தலைவர் மென்பொருள் அறிக்கையைப் புரட்டினார். பல கல்லூரிகளில் இதே பத்தி இருக்கிறது, யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, அப்படியானால் மூலம் தெரியவில்லை என்று பதிவு செய்யலாமா என்று மற்றவர்களைக் கேட்டபடி பேனாவைத் திறந்தார். எனக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. எனக்காக அவள் பொய் சொல்கிறாள், நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்ற ஒரே நினைப்புதான் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. எழுந்தே விட்டேன்.

"நான்தான் கொடுத்தேன். அந்தப் பத்தியை எழுதியதே நான்தான்" என்றேன்.

பெரிய காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு உட்கார்ந்தேன். துறைத் தலைவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆறாம் பக்கத்தைத் திருப்பி, குரலில் எந்த வித்தியாசமும் இல்லாமல் வாசித்தார். எடுத்தாண்ட பகுதியின் மூலம் உறுதியாகாவிட்டால் மாணவருக்கு எச்சரிக்கை, இரண்டு வாரத்தில் கட்டுரையைத் திரும்ப எழுதித் தரலாம். மூலம் உறுதியானால் பூஜ்யம், அடுத்த வருடம் பாடத்தை மறுபடி எடுக்க வேண்டும். மூலம் இப்போது உறுதியாகிவிட்டது, அதுவும் எழுதியவரே சொல்லிவிட்டார் என்றார். பேனா எழுதத் தொடங்கியது.

படியிறங்கினோம். டயர் கடை வாசலில், அவளுடைய மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றபோது, உன்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று ஆரம்பித்தேன். அவ்வளவு நாளும் சிரித்துக்கொண்டிருந்த முகத்தில் முதல் முறையாகக் கோபத்தைப் பார்த்தேன். குரல் மட்டும் உயரவில்லை.

"பேசாதீங்கன்னு சொன்னேனே டீச்சர். ஆறாவது பக்கம் படிச்சீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"நான் மூனு தடவ படிச்சேன். யாரு எழுதுனா, யாருக்கு எழுதுனா, என்னா சொல்லாம விட்டான். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டாள். டிரைவர்களைப்போல என்னையும் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்க என் மேலேயே வெறுப்பு வந்தது. அந்த அறையில் நான் சொன்ன உண்மை யாருக்கு உதவியது? என் மனப்பாரம் குறைந்தது, அவளுடைய சூப்பர்வைசர் இடம் போயிற்று. மேல்முறையீட்டுக் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன் என்று மறுநாள் அவளுக்குச் செய்தி அனுப்பினேன். நெஞ்சை உருக்குகிற முதல் வரிகூடத் தயாராக இருந்தது. இந்தத் தடவை நானே எழுதிக்கொள்கிறேன் டீச்சர் என்று பதில் வந்தது.

பத்து நாள் கழித்து அந்தக் கடிதத்தின் நகல் கல்லூரியிலிருந்து எனக்கு வந்தது. ஒரே பக்கம். யுகமும் இல்லை, ஆறும் இல்லை, யாரும் கைகோர்க்கவும் இல்லை. பதினான்கு வருடங்களாகக் கன்டெய்னர் தாள்களைச் சரிபார்க்கிறேன் என்று தொடங்கியது. அந்தப் பத்தி தன்னுடையது அல்ல என்பதை ஒப்புக்கொண்டாள். மனப்பாடம் செய்தது தன்னுடையது ஆகிவிடும் என்று நம்பியதாகவும், அது தப்பு என்று இப்போது தெரிவதாகவும் எழுதியிருந்தாள். அதற்கடுத்து, புகார்ப் படிவத்தைக் கையில் எடுத்திருந்தாள். கட்டுரையைத் திறந்த நேரமும் புகார் போன நேரமும் அந்தப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்குமாம். அது எனக்குத் தெரியாது. அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்: 'ஆசிரியர் என் கட்டுரையைத் திறந்தது ஒன்பது பத்துக்கு. புகாரை அனுப்பியது ஒன்பது பதினான்குக்கு. கட்டுரை எட்டுப் பக்கம். முழுமையாக வாசித்ததாக டிக் போட்டிருக்கிறார். ஆசிரியர் வாசிக்காத கட்டுரையின் மேல் புகார் செல்லாது என்று உங்கள் விதி ஒன்பது சொல்கிறது.'

திட்டு இல்லை, கெஞ்சல் இல்லை. கூற்று, ஆதாரம், விதி. ஆறு வருடம் கத்திக் கத்தி நான் ஒருவரிடமிருந்தும் வாங்க முடியாத எழுத்து எனக்கு எதிராக வந்திருந்தது. எனக்கு அவள் மேல் கோபம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நன்றி கெட்டவள் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

கடிதத்தோடு எனக்கு ஒரு படிவமும் இருந்தது. மாணவர் சொல்வது உண்மையா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். இல்லை என்று போட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. நான் வேகமாகப் படிக்கிறவள் என்று சொன்னால் போதும். ஆம் என்று போட்டால் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். முதலில் அந்தப் பதினோரு பக்கத்தையும் உட்கார்ந்து படித்தேன். விதி ஒன்பது அவள் சொன்னபடியே இருந்தது. அப்புறம் அவளுடைய எட்டுப் பக்கக் கட்டுரையைப் படித்தேன். என்னுடைய அந்தப் பத்தியைத் தாண்டினால், இரண்டாம் பக்கத்திலிருந்து அவள் கிடங்கு வந்தது. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருந்தாள். ஆம் என்ற கட்டத்தில் டிக் போட்டு அனுப்பினேன்.

புகார் ரத்தானது. திரும்ப எழுத அவளுக்கு இரண்டு வாரம் கொடுத்தார்கள். வேறொருவர் திருத்தினார், வருட முடிவுக்குள் தேறிவிட்டாள். எனக்கு அடுத்த பருவத்திலிருந்து அந்தப் பாடம் இல்லை. துறைத் தலைவர் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விதிகளின் நான்காம் எண்ணில் அந்த வேற்றுப் பல்கலைக்கழகத்தின் பெயர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அவள் திரும்ப எழுதிய கட்டுரையை நான் பார்க்கவில்லை. அதைப் படிக்க ஆசையாக இருக்கிறது, அனுப்ப முடியுமா என்று வாட்சாப்பில் கேட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

"அனுப்பறேன் டீச்சர். படிப்பீங்களா?"